சிறுநீர்ப்பையில் ரத்தக்குழாய்க் கட்டி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் மேஜையில் படுத்துக்கொண்டும், ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு கதவருகே நின்றும் பலர் என்னிடம் கேட்டவை இவை. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கடைசிப் பகுதியில் இருப்பவற்றில் சில, ஸ்கேன் பழகும் இளம் மருத்துவர்கள் கேட்டவை.

"ரத்தக்கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி, ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. பாதிக் குழப்பம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழில் சீழ்க்கட்டி, ரத்தக்கட்டி, புற்றுக்கட்டி எல்லாமே 'கட்டி'தான். ரத்தக்கட்டி என்பது வெளியே வந்து உறைந்துபோன ரத்தம். அது சிறுநீர்ப்பைக்குள் மிதக்கும், அல்லது அடியில் வண்டல் மாதிரி படியும். ரத்தக்குழாய்க் கட்டி அப்படியல்ல. சிறுநீர்ப்பையின் சுவரிலேயே நுண்ணிய ரத்தக்குழாய்கள் மிதமிஞ்சிப் பெருகி, பஞ்சு போல ஒரு முடிச்சாகிவிடும். மருத்துவர்கள் இதை ஹீமாஞ்சியோமா என்பார்கள்.

இனி முதலாவதை 'உறைவு' என்றும் இரண்டாவதைக் 'குழாய்க்கட்டி' என்றும் எழுதுகிறேன். வேடிக்கை என்னவென்றால், குழாய்க்கட்டியிலிருந்து கசியும் ரத்தமே உறைந்து அதன்மேல் போர்வை போல ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

"இது கேன்சரா? இல்லைன்னா, பின்னால கேன்சரா மாறுமா?"

குழாய்க்கட்டி புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. புற்றுநோயாக மாறுவது அதன் இயல்பும் அல்ல. அதனால் வரும் தொல்லை ரத்தப்போக்குதான். அந்த ஒன்றே சிலரைப் படுக்க வைத்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் 'ஸ்கேனில் தெரிகிற கட்டி குழாய்க்கட்டிதான்' என்று உறுதியான பிறகே இந்த நிம்மதி. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் குழாய்க்கட்டி மிக அரிது. மருத்துவ நூல்கள் சுமார் 0.6 சதவீதம் என்கின்றன. ஆகவே, புகைபிடிக்கிற 60 வயதுக்காரரின் சிறுநீர்ப்பையில் ஒரு கட்டியைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இது இல்லை.

"யாருக்கு வரும்? எப்படித் தெரியவரும்?"

எந்த வயதிலும் வரலாம். என்றாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், குழந்தைகளும் இதில் அடக்கம். வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போவதுதான் முக்கிய அறிகுறி. ஒரு நாள் போகும், அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, மறுபடி போகும். 'அதுவே நின்றுவிட்டதே' என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த இடைவெளியை நம்பித்தான் தள்ளிப்போடுகிறார்கள். சிலருக்கு எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு இருக்கும். சிலருக்கு எதுவுமே இருக்காது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும்.

"நேரா சி.டி. எடுத்துடலாமே, எதுக்கு முதல்ல இந்த ஸ்கேன்?"

கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சில நிமிடங்களில் முடியும், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். இந்த நோய் வருபவர்களில் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம் என்பதால் இதெல்லாம் பெரிய வசதி. இன்னொன்று, சி.டி. ஒரு கணத்தின் படம். அல்ட்ராசவுண்டில் உங்களைப் புரண்டு படுக்கச் சொல்லி, முக்கச் சொல்லி, ப்ரோபால் (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி) லேசாக அழுத்தி, அந்தக் கட்டி என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழாய்க்கட்டியைப் பொறுத்தவரை இந்த 'என்ன செய்கிறது' என்பதில்தான் பாதித் துப்பு கிடைக்கிறது.

"வயிறு வெடிக்கிற மாதிரி தண்ணி குடிக்கணுமா?"

வெடிக்கிற அளவுக்கு வேண்டாம். சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் அதன் சுவர் காற்றிறங்கிய பலூன் போலச் சுருங்கி மடிந்திருக்கும். மடிப்பு கட்டி மாதிரி தெரியும், உண்மையான கட்டி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஓரளவு நிரம்பினால் சுவர் சீராக விரியும். உள்ளே இருக்கும் சிறுநீர் கருப்பாகத் தெரிவதால் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பளிச்சென்று கண்ணில் படும். பெரியவர்களுக்கு 200 முதல் 300 மில்லி தாராளம். 'முட்டுகிறது, ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம்' என்ற நிலை சரியான நிலை.

அளவுக்கு மீறி நிரம்பினாலும் கெடுதல்தான். குழாய்க்கட்டி பஞ்சு போன்றது என்றேன் அல்லவா? சுவர் இழுபட்டு உள்ளழுத்தமும் கூடும்போது அது நசுங்கிப் பட்டையாகிவிடும். இரண்டு லிட்டர் குடித்துவிட்டு வியர்வையோடு வருபவர்களைப் பாதி கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பதுண்டு. அப்படிப் பாதி காலியான பிறகு கட்டி முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தால், அதுவே ஒரு நல்ல குறிப்பு.

"ஸ்கேன்ல அது எப்படி இருக்கும்?"

பெரும்பாலும் ஒரே ஒரு கட்டி. அளவும் பெரும்பாலும் 3 செ.மீ.க்குள். சிறுநீர்ப்பையின் உச்சி, பின்சுவர், பக்கச் சுவர்கள் ஆகியவை அதற்குப் பழகிய இடங்கள். சுவரிலிருந்து அகன்ற அடியோடு எழும்பி, வெளிறிய சாம்பல் நிறத்தில், நடுநடுவே சின்னச் சின்னக் கருப்பு ஓட்டைகளோடு இருக்கும். அந்த ஓட்டைகள் ரத்தம் தேங்கும் அறைகள். இன்னொரு வடிவமும் உண்டு. தனிக் கட்டியாக இல்லாமல், சுவரின் ஒரு பகுதி முழுக்கத் தடித்து, அந்தத் தடிப்புக்குள் இதே ஓட்டைகள் தெரியும்.

சில நேரம் சுவருக்குள்ளேயே வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னி, அதன் பின்னால் கருநிழல் விழும். தேங்கிய ரத்தம் உறைந்து சுண்ணாம்பேறிய மணி அது, ஃப்ளெபோலித் என்பார்கள். அதைக் கண்டால் எனக்குக் குழாய்க்கட்டி மேல் சந்தேகம் சட்டென்று ஏறும்.

"நல்லாப் படுத்திருக்கேன், எதுக்குப் புரளச் சொல்றீங்க?"

உறைவா, சுவரில் ஒட்டிய கட்டியா என்று பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. நீங்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது பின்சுவரை ஒட்டி ஒரு சாம்பல் மேடு தெரிகிறது என்று வையுங்கள். இடப்பக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டு ப்ரோபை அங்கேயே வைத்திருப்பேன். உறைவு என்றால், கலங்கிய நீரில் சேறு சரிவது போல, அந்த மேடு ஓரத்தில் கலைந்து, மெதுவாக வழுக்கி, கீழ்ப்பக்கம் போய்ச் சேரும். கல் என்றால் உருண்டு போகும். குழாய்க்கட்டி நகராது. ஃப்ளெபோலித்தும் அப்படியே, சுவருக்குள் பதிந்திருப்பதால் உருளாது.

நகரவில்லை என்றால் உடனே கட்டி என்று எழுதிவிடவும் முடியாது. சுவரில் ஒட்டிக்கொண்ட உறைவும் நகராது. அதற்குத்தான் டாப்ளர்.

"கலர் டாப்ளர்னா என்ன? வேற மெஷினா?"

அதே மெஷின், அதே ப்ரோப், வேறொரு பொத்தான். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் சொன்னார்; அவர் சொன்னது நட்சத்திர ஒளியைப் பற்றி. அதே விதி இங்கே ஓடும் ரத்த அணுக்களுக்குப் பொருந்துகிறது. ப்ரோபை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகும் ஓட்டத்துக்கு வேறொரு நிறம். வழக்கமாகச் சிவப்பும் நீலமும். சிவப்பு தமனி, நீலம் சிரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது திசை மட்டுமே.

உறைவுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது, ஆகவே நிறமும் வராது. கட்டிக்குள் நிறம் வந்தால் அது உயிருள்ள திசு.

"டாப்ளர்ல கலர் வரலைன்னு போட்டிருக்கு. அப்ப ரத்தக்குழாய்க் கட்டி இல்லைதானே?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். 'ரத்தக்குழாய்க் கட்டி' என்று பெயர் இருப்பதால் டாப்ளரில் தீபாவளி மத்தாப்பு மாதிரி நிறம் பொரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பைக் குழாய்க்கட்டிகளில் மிகுதியானவை கேவர்னஸ் வகை, அதாவது அகன்ற அறைகள் கொண்டவை. அவற்றில் ரத்தம் ஓடுவதில்லை, ஊர்கிறது. குளத்து நீர் போல ஏறக்குறைய நிற்கிறது. மெஷினின் வழக்கமான அமைப்பு, வேகமான ஓட்டத்தைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டது. இவ்வளவு மெதுவான அசைவை அது இரைச்சல் என்று வடிகட்டித் தள்ளிவிடும். ஆகவே நிறம் வராததால் குழாய்க்கட்டி இல்லை என்று ஆகாது.

செய்பவர் கவனிக்க வேண்டியவை சில. வேக அளவுகோலை நொடிக்கு 5 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இறக்க வேண்டும். மெதுவான அசைவை வடிகட்டும் வால் ஃபில்டரைக் குறைக்க வேண்டும். நிறப்பெட்டியைக் கட்டியளவுக்குச் சுருக்கி, கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, இரைச்சல் புள்ளிகள் எட்டிப்பார்க்கும் வரை ஏற்றி, அப்புறம் ஒரு படி இறக்க வேண்டும். பவர் டாப்ளருக்கு மாறினால் மெல்லிய ஓட்டம் இன்னும் எளிதில் அகப்படும். அது திசையைப் பார்ப்பதில்லை, ஓட்டத்தின் கோணத்தையும் அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் நோயாளி இருமினால்கூடத் திரை முழுக்க நிறம் அப்பிவிடும். மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம், கை. ப்ரோபை அழுத்திப் பிடித்தால் பஞ்சைப் பிழிந்த கதைதான். உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஓட்டமும் நின்றுவிடும். ஜெல்லைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, ப்ரோபின் எடை மட்டும் வயிற்றில் படும்படி பிடித்து, ஒரே இடத்தில் பத்து நொடியாவது காத்திருக்க வேண்டும். பிறகு நோயாளியை முக்கச் சொன்னால், இடுப்புச் சிரைகளில் அழுத்தம் ஏறி, கருப்பு ஓட்டைகளில் ஒன்றிரண்டு திடீரென்று நிறம் பிடிக்கும். ஒரு முறை 'ஓட்டம் இல்லை' என்று எழுதக் கை வைத்த நேரத்தில் நோயாளி தும்மினார். இரைச்சல் அடங்கிய பிறகும் கட்டிக்குள் ஒரு நீலப் புள்ளி நின்றது. அதற்குப் பிறகு முக்கச் சொல்லாமல் நான் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

"அப்ப கலர் நிறைய வந்தா, அதுதான் உறுதியா?"

அதுவும் இல்லை. புற்றுக்கட்டிக்கும் ரத்த ஓட்டம் உண்டு. டாப்ளரை வைத்து மட்டும் நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

நிறம் போலத் தோன்றி ஏமாற்றுபவை வேறு இருக்கின்றன. சிறுநீரகக் குழாய்கள் சிறுநீர்ப்பையில் திறக்கும் இரண்டு வாய்களிலிருந்தும் அவ்வப்போது சிறுநீர் பீய்ச்சும். அந்த நேரத்தில் டாப்ளரில் நெருப்புக் கீற்று மாதிரி நிறம் பாயும். அது இயல்பானது, சில நொடிகளில் மறையும், சற்று நேரத்தில் மறுபடி வரும். கல், சுண்ணாம்பு போன்ற சொரசொரப்பான பரப்புகளுக்குப் பின்னால் சிவப்பும் நீலமும் கலந்து மினுங்குவது இன்னொன்று. அங்கே ஓட்டமே கிடையாது, வெறும் மினுக்கல். ஃப்ளெபோலித்திலும் இது வரலாம் என்பதால் அதை 'ஓட்டம் உண்டு' என்று எழுதிவிடக்கூடாது. ஒரே புள்ளியின் ஓட்டத்தை வரைபடமாகக் காட்டும் பல்ஸ் டாப்ளரை அங்கே வைத்து அலை வடிவம் வருகிறதா என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

பயப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. சிறுநீர் கழிக்கும்போதோ கழித்த உடனேயோ தலைவலி, படபடப்பு, வியர்வை, மயக்கம், கூடவே ரத்த அழுத்தம் எகிறுவது, இந்தக் கதையோடு நிறம் கொப்பளிக்கும் கட்டி இருந்தால், அது பாராகாங்லியோமாவாக இருக்கலாம். அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டி அது. தெரியாமல் கை வைத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகும். ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்) அளவைப் பார்த்த பிறகே அடுத்த அடி. ஆகவே ஸ்கேன் செய்பவர் 'யூரின் போகும்போது படபடப்பு வருமா?' என்று சம்பந்தமில்லாமல் கேட்பது போலத் தோன்றினால், இதற்காகத்தான்.

"சுவர் தடிப்புன்னு எழுதியிருக்காங்க. அது கட்டியா?"

பெரும்பாலும் இல்லை. நன்றாக நிரம்பிய சிறுநீர்ப்பையின் சுவர் சுமார் 3 மி.மீ.க்குள் இருக்கும், காலியாக இருக்கும்போது 5 மி.மீ. வரை போகலாம். ஆகவே எவ்வளவு நிரம்பியிருந்தது என்று சொல்லாமல் சுவர் தடிப்பை மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டால் பயன் இல்லை. கிருமித்தொற்று, புராஸ்டேட் அடைப்பு என்று தடிப்புக்குக் காரணங்கள் பல. ஒரு பக்கம் மட்டும் தடித்து, உள்ளே முன்பு சொன்ன ஓட்டைகள் இருந்தால் மட்டுமே இந்தப் பக்கத்து விஷயம்.

"ஸ்கேன் நார்மல்னு வந்துச்சு. ஆனா ரத்தம் போயிட்டுதான் இருக்கு."

அப்படியானால் தேடலை நிறுத்தக்கூடாது. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டிகள் வயிற்று ஸ்கேனில் தப்பிவிடும். முன்சுவரும் உச்சியும் இன்னும் மோசம். தோலுக்கு அருகே இருப்பதால் எதிரொலிப் பனிமூட்டம் அவற்றை மூடிவிடும். இந்தப் பனிமூட்டத்தைக் குறைக்கும் ஹார்மோனிக் முறைக்கு மாறுவது, ப்ரோபைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது, மெலிந்தவர்களுக்கு உயர் அதிர்வெண் லீனியர் ப்ரோபை வைப்பது, இவை கொஞ்சம் உதவும். பெண்களுக்கு, தேவையும் சம்மதமும் இருந்தால், யோனிவழி ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் பின்சுவரும் மிகத் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் அகப்படாவிட்டால் சிஸ்டோஸ்கோபிதான், அதாவது உள்ளே கேமரா விட்டு நேரில் பார்ப்பது. ரத்தம் சிறுநீரகத்திலிருந்தும் வரலாம் என்பதால் மேலேயும் பார்க்க வேண்டும்.

"டியூப் போட்டிருக்கு, உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. இப்ப ஸ்கேன் எடுத்தா தெரியுமா?"

உறைவு இருப்பது தெரியும், அதன் பின்னால் இருப்பது தெரியாது. முதலில் கழுவி உறைவை வெளியேற்றட்டும். அப்புறம் டியூப் வழியாகவே சிறுநீர்ப்பையை நிரப்பி, டியூபை மூடிவைத்துவிட்டு ஸ்கேன் செய்யலாம். டியூபின் பலூன் உருண்டையாகத் தெரியும்; அதைக் கட்டி என்று அளந்து எழுதியவர்களும் உண்டு.

"குழந்தைக்கு மயக்கம் கொடுக்கணுமா?"

வேண்டாம். வெதுவெதுப்பான ஜெல், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ, கையில் ஒரு பொம்மை, அவ்வளவுதான். சின்னக் குழந்தை எப்போது வேண்டுமானாலும் கழித்துவிடும் என்பதால் படுக்க வைத்ததும் முதலில் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிட வேண்டும், சிறுநீரகம் அப்புறம். குழந்தையின் வயிற்றுச் சுவர் மெல்லியது. ஆகவே உயர் அதிர்வெண் ப்ரோபில் படம் பெரியவர்களைவிட நன்றாக வரும். திராட்சைக் கொத்து போல உள்ளே தொங்கும் கட்டி என்றால் அது ராப்டோமயோசர்கோமா என்ற புற்றாக இருக்கக்கூடும். 'குழந்தைதானே, குழாய்க்கட்டியாக இருக்கும்' என்று விட்டுவிடக்கூடாது.

"என் கால்ல பிறவியிலேயே சிவப்பு மச்சம் இருக்கு. அதைக் கேட்டாங்களே, ஏன்?"

கேட்டவர் கெட்டிக்காரர். ஒயின் நிறத் தோல் படை, ஒரு கால் மட்டும் பருத்தோ நீண்டோ இருப்பது, புடைத்த சிரைகள், இவை மூன்றும் சேர்ந்தால் கிளிப்பெல்–டிரெனோனே நோய்த்தொகுதி. 1900-இல் இந்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியதால் இந்தப் பெயர். இவர்களில் சிறு பகுதியினருக்குச் சிறுநீர்ப்பையிலும் ரத்தக்குழாய் கோளாறு இருக்கும். அதோடு சிறுநீரில் ரத்தமும் போனால், ஸ்கேனில் தெரியும் தடிப்பின் பொருளே மாறிவிடுகிறது. இவர்களுக்கு அது சுவரின் முழுத் தடிமனிலும், சில நேரம் இடுப்புக்குள்ளும் பரவியிருக்கும். எவ்வளவு தூரம் என்று அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும்.

"ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணினா முடிஞ்சுதே. ஏன் யூராலஜிஸ்ட் தயங்குறார்?"

ரத்தம் தேங்கிய பஞ்சைக் கத்தரித்தால் என்ன ஆகும்? அந்தத் தயக்கம்தான். சிஸ்டோஸ்கோபியில் நீலமாகவோ ஊதாவாகவோ, மேடு மேடாகத் தெரிந்தால் பலர் பயாப்ஸியைத் தவிர்ப்பார்கள், அல்லது ரத்தப்போக்கைச் சமாளிக்கும் ஏற்பாட்டோடு மட்டும் எடுப்பார்கள். ஆனால் உறுதியான பெயர் திசுப் பரிசோதனையில்தான் கிடைக்கும். நீலமாகத் தெரிவதெல்லாம் குழாய்க்கட்டியும் அல்ல. எண்டோமெட்ரியோசிஸும் (கருப்பை உள்படலம் போன்ற திசு வேறிடத்தில் வளர்வது) அப்படித் தெரியும், அரிதாக மெலனோமா என்ற நிறமிப் புற்றும்.

ஸ்கேன் செய்பவர் இங்கேதான் நிஜமாகப் பயன்படுகிறார். 'குழாய்க்கட்டியாக இருக்கலாம், பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. நல்லது' என்ற ஒரு வரி, கத்தரி உள்ளே போகும் முன்பே யூராலஜிஸ்டை எச்சரித்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் இது விளக்குப் போட்டது போல வெள்ளையாக எரியும். சின்னதாக, உள்பரப்பில் மட்டும் இருந்தால் லேசரில் சுட்டுவிடலாம். பெரிதாக, ஆழமாக இருந்தால் சிறுநீர்ப்பையின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதுண்டு.

"போன தடவை 12 மி.மீ., இப்ப 18 மி.மீ. வளர்ந்துடுச்சா?"

இரண்டு முறையும் சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருந்தது என்று முதலில் பாருங்கள். நிரம்பினால் நசுங்கும், காலியானால் உப்பும் என்று மேலே சொன்னேன். 350 மில்லியில் 12 மி.மீ. இருந்தது 100 மில்லியில் 18 மி.மீ. ஆகத் தெரிந்தால் அது வளர்ச்சி ஆகாது. சிறுநீர்ப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு மில்லியில் வந்துவிடும். தொடர்ந்து கண்காணிக்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கட்டியின் அளவோடு இந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

"கர்ப்பமா இருக்கேன். சிறுநீர்ப்பைச் சுவர்ல ரத்தக்குழாய் நிறைய இருக்குன்னாங்க."

கர்ப்பத்தில், குறிப்பாக நச்சுக்கொடி கீழே இறங்கி இருந்தால், சிறுநீர்ப்பைச் சுவரின் சிரைகள் புடைப்பதுண்டு. அது புடைப்பு, கட்டி இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர் என்றால் நச்சுக்கொடி சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதைத் தனியாகக் கவனித்துப் பார்க்க வேண்டும். கல்லீரல் சிரை அழுத்தம் கூடியவர்களுக்கும் இங்கே சிரை புடைக்கும். இந்த இரண்டு நிலையிலும் குழாய்க்கட்டி என்று எழுத நான் அவசரப்பட மாட்டேன்.

"குமிழி ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேன் இருக்காமே?"

உண்டு. சிவப்பணு அளவிலான வாயுக் குமிழிகளைச் சிரையில் செலுத்திப் பார்ப்பது. அவை மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. டாப்ளர் தவறவிட்ட மெல்லிய ஓட்டத்தையும் காட்டும் என்பதால், நகராத உறைவா கட்டியா என்ற சந்தேகத்தைத் தீர்க்க நல்ல கருவி. கட்டிக்குப் பெயர் சூட்ட அது மட்டும் போதாது.

"நீங்க ஹீமாஞ்சியோமான்னு எழுதினீங்க, எம்.ஆர்.ஐ.ல வெனஸ் மால்ஃபார்மேஷன்னு வந்திருக்கு. யார் சொல்றது தப்பு?"

பெரும்பாலும் யாருமே தப்பில்லை. 1982-இல் மல்லிகன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கோளாறுகளை இரண்டாகப் பிரித்தார்கள். செல்கள் பெருகி வளர்வது ஹீமாஞ்சியோமா. பிறவியிலேயே குழாய்கள் தவறாக அமைந்து, பிறகு மெல்ல விரிவது மால்ஃபார்மேஷன். அந்தக் கணக்கில், 'கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா' என்று பழைய பெயரில் நாம் அழைக்கும் பலவும் உண்மையில் சிரைக் கோளாறுகளே. ஃப்ளெபோலித் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இரண்டாவது வகைதான். சிறுநீர்ப்பை விஷயத்தில் பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் ரிப்போர்ட்டுகள் முரண்படுவது போலத் தோன்றுகின்றன.

பெயரால் ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் வரும். கைக்குழந்தைகளின் ஹீமாஞ்சியோமா புரோப்ரனலால் மருந்துக்குச் சுருங்கும்; சிரைக் கோளாறு சுருங்காது. கைக்குழந்தையின் ரிப்போர்ட்டாக இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் இதை நேராகவே கேட்டுவிடுங்கள்.